முற்றாத வட்டம்

‘கோரி’ என்பது பாரசீகத்தில் பிறந்து உருது வழியே தமிழுக்கு வந்த சொல். இஸ்லாமியரின் கல்லறையைக் குறிப்பது. அதனோடு தமிழ் ‘மேடு’ சேர்ந்து கோரிமேடு ஆயிற்று. புதுச்சேரிக்கு வடமேற்கே ஜிப்மர் மருத்துவமனை நிற்கும் இந்தச் செம்மண் மேட்டிலிருந்து நிலம் கிழக்கே மெல்லச் சரிந்து நகருக்குப் போகிறது. நகருக்கு அப்பால் கடல். புதுச்சேரியைத் தரைவழியே பிடிக்க நினைப்பவனுக்கு இந்த மேற்குப்புற மேடுகளும், அருகிலுள்ள உழவர்கரையும் வில்லியனூரும் கட்டாயம் தேவை. ஆனால் இவை அனைத்தும் கைக்கு வந்தபின்னும் நகரைச் சுற்றி அரைவட்டம்தான் போட முடியும். மறுபாதி நீரில் இருக்கிறது.

இங்கே ‘முற்றுகை’ என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும். முற்றுதல் என்றால் சூழ்தல். முழுமை அடைதல் என்றும் பொருள். காய் முற்றியது என்கிறோம், எழுவாய் பயனிலையோடு வாக்கியம் முற்றுப்பெற்றது என்கிறோம். தொல்காப்பியம் உழிஞைத் திணையில் அரணை முற்றுவதை ஒன்றாகவும் கொள்வதை மற்றொன்றாகவும் பிரித்தே பேசுகிறது. முற்றுவது வேறு, கொள்வது வேறு. முன்னது நிறைவேறாமல் பின்னது இல்லை. கடற்கரை நகரத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், கடல் திறந்திருக்கும்வரை முற்றுகை என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை. 1759 செப்டம்பர் 10 அன்று இங்கே கடலில், ஏழாண்டுப் போரின் பகுதியாக, புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போரை நான் இந்தச் சொல்லைக் கொண்டே புரிந்துகொள்கிறேன்.

அதற்குமுன் கரையின் இயல்பைச் சொல்லியாக வேண்டும். சோழமண்டலக் கரையில் அன்று கப்பல் ஒதுங்கத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. ஆளும் சரக்கும் அலைமோதும் கரைக்கு வந்துசேர்ந்தது சலங்குப் படகுகளில். பிரெஞ்சுக்காரர் அந்தச் சொல்லையே ‘ஷெலாங்க்’ என்று எடுத்துக்கொண்டார்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்று எழுமுன் போர்க்கப்பல்கள் கரையை விட்டு நீங்கியாக வேண்டும். ஆங்கிலேயருக்கு மேற்குக் கரையில் கப்பல் பழுதுபார்க்கும் துறையோடு பம்பாய் இருந்தது. பிரெஞ்சுக்காரருக்கு இருந்தது மொரீசியஸ் ஒன்றே. பெருங்கடலுக்கு அப்பால் உள்ள அந்தத் தீவு, ஒரு கப்பற்படைக்கு வேண்டிய உணவைக்கூட முழுவதும் தராது. பாய்மரத்துக்கும் கயிற்றுக்கும் மாவுக்கும் ஏங்கிய படை அது. அதன் தலைவர் தாஷே பிரபுவைக் கோழை என்று தூற்றுவோர் இந்தத் தூரத்தை எண்ணிப் பார்ப்பதில்லை என்பது என் துணிபு.

1758இல் அவரும் ஆங்கிலத் தளபதி போக்காக்கும் இருமுறை மோதினார்கள். ஏப்ரலில் கடலூருக்கு அப்பால், ஆகஸ்டில் நாகப்பட்டினத்துக்கு அப்பால். இரண்டிலும் எந்தக் கப்பற்படையும் அழியவில்லை. அதே ஆண்டு ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். டிசம்பரில் சென்னையை வளைத்தார். தாஷே மொரீசியஸுக்குப் போய்விட்டதால் சென்னையின் கடல்வழி திறந்தே கிடந்தது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் துணைப்படையோடு வந்ததும் லாலி பின்வாங்கினார். முற்றாத வட்டத்தின் முதற்பாடம் அது, கற்றுக்கொடுத்தது சென்னை.

தாஷே பெரிய படையோடு திரும்பினார். அவரிடம் 11 போர்க்கப்பல்கள், போக்காக்கிடம் 9. செப்டம்பர் 10 பிற்பகலில் புதுச்சேரிக் கடலில் இரு வரிசைகளும் நெருங்கின. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பீரங்கிகள் ஓயவில்லை. தாஷே காயமுற்றார்; பிரெஞ்சு வரிசை விலகியது. ஆங்கிலேயரில் மாண்டோரும் காயமுற்றோரும் 569 பேர். பாய்களும் கயிறுகளும் கிழிந்துபோனதால் அவர்களால் துரத்தவும் இயலவில்லை. ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை, ஒன்றுகூடச் சிறைப்படவில்லை. போர்க்களத்தை மட்டும் பார்ப்பவர் இதை வெற்றி தோல்வியற்றது என்றே எழுதுவார்.

முடிவு மூன்று வாரம் கழித்து வந்தது. தாஷே சிறிது பணத்தையும் சில நூறு ஆட்களையும் கரையிறக்கிவிட்டு, லாலியும் புதுச்சேரி ஆட்சிக் குழுவும் எவ்வளவோ தடுத்தும், அக்டோபர் தொடக்கத்தில் பாய் விரித்தார். அதன்பின் அவர் கப்பல்கள் இந்தக் கரைக்கு வரவே இல்லை. உலகின் மறுபக்கத்திலும் அந்தப் பருவம் அப்படியே இருந்தது: செப்டம்பர் 13இல் கனடாவின் கியூபெக் நகரின் முன் பிரெஞ்சுப் படை தோற்றது, நவம்பர் 20இல் பிரான்சின் சொந்தக் கரையிலேயே, கிபெரோன் விரிகுடாவில், அதன் பெருங்கப்பற்படை சிதைந்தது. ஏழாண்டுப் போரில் தன் தூரத்து நகரங்களுக்கு இனி உதவி அனுப்பப் பிரான்சிடம் கப்பல் இல்லை.

1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் லாலியை வென்றார். ஏப்ரலில் காரைக்கால் வீழ்ந்தது. செப்டம்பரில் உழவர்கரைப் பக்கம் ஆங்கிலேயர் வசமாயிற்று; நகரின் எல்லையில் முள்ளும் கள்ளியும் மண்டிய காவல்வேலிக்குள் அவர்கள் நுழைந்தார்கள். இம்முறை பருவக்காற்று வந்தபோதும் ஆங்கிலக் கப்பல்களில் ஒருபகுதி கரையைவிட்டு அகலவில்லை. வட்டம் முற்றியது. உணவு குறைந்ததும் லாலி, நகரத்துத் தமிழ் மக்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கோட்டைக்கு வெளியே தள்ளினார். ஆங்கிலப் படை அவர்களைக் கடக்க விடவில்லை. கோட்டை திரும்ப ஏற்கவில்லை. கிழவரும் பிள்ளைகளும் இரு படைகளுக்கும் இடைப்பட்ட வெளியில் நாட்கணக்காக வேரையும் புல்லையும் தேடிக்கொண்டு கிடந்த பிறகே கூட் வழிவிட்டார். தாஷேயின் பாய்கள் தொடுவானில் மறைந்ததன் விலையை முதலில் கொடுத்தவர்கள் இவர்கள்தாம்.

1761 புத்தாண்டு நாளில் பெரும்புயல் அடித்தது. ஆங்கிலக் கப்பல்களில் சில மூழ்கின, சில கரையில் மோதி உடைந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். கடல் மீண்டும் திறந்தது. பழவேற்காட்டிலிருந்த பிரெஞ்சு முகவருக்கு லாலி அவசரமாக எழுதினார்: எப்பாடுபட்டாவது படகுகளில் அரிசி அனுப்புக என்று. ஆனால் அந்தத் திறப்பில் நுழையத் தாஷேயின் கப்பல் ஒன்றுகூட அருகில் இல்லை. திருகோணமலையிலிருந்து வந்தவையும் புயலில் தப்பிச் செப்பனிட்டவையுமாக, சில நாட்களிலேயே ஆங்கிலக் கப்பல்கள் பழைய இடத்தில் நங்கூரமிட்டன.

ஜனவரி 16 காலையில் வில்லியனூர் வாயில் கூட்டின் வீரர்களுக்குத் திறந்தது. நகரின் மேற்கே, நிலத்தை நோக்கி இருந்த வாயில் அது.