ஒரு மணி நேரத் தொலைவு

சேர்வராயன் கோயில். காலை.

குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். பாதத்தில் குகையின் ஈரம் இன்னும் காயவில்லை. உச்சி மைதானம் போலப் பரந்து கிடக்கிறது. காற்றை மறிக்க ஒரு மரமும் இல்லை.

இந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 1,623 மீட்டர். மேற்கே சமவெளியில், ஓமலூர்ப் பக்கம் கமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம் ஏறக்குறைய 300 மீட்டர். அங்கிருந்து கிளம்பும் விமானம் நான் உட்கார்ந்திருக்கும் உயரத்தைத் தொட நாலைந்து நிமிடம் போதும். சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்த எனக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஒரு மணி நேரமும் ஆயின.

அதே ஒரு மணி நேரத்தில் விமானம் சென்னை போய்விடுகிறது. நேர்கோட்டில் அளந்தால் சுமார் 265 கிலோமீட்டர். சாலையில் 340 வரும். மணிக்கு 500 கிலோமீட்டர் போகக்கூடிய சுழல்விசிறி விமானத்துக்கு அரை மணி நேர வழிதானே என்று முதலில் நினைத்தேன். ஆனால் அட்டவணை நேரம் விமானம் நின்ற இடத்திலிருந்து நகரும்போதே தொடங்கிவிடுகிறது. ஓடுதளம் வரை ஊர்வது, மேலேறுவது, சென்னை வானில் முறைக்குக் காத்திருப்பது, இறங்கி மறுபடி ஊர்வது எல்லாம் அதில் அடக்கம். குறுகிய தொலைவில் பறப்பதைவிட ஏறி இறங்குவதே பெரிய வேலை.

மாலை. கீழே ஏற்காடு ஏரிக்கரையில்.

மத்திய அரசின் உடான் திட்டம் சிறுநகர விமானங்களுக்கு ஒரு மணி நேரத்தை, அதாவது சுமார் 500 கிலோமீட்டரை, அளவாக வைத்து ஒரு பகுதி இருக்கைகளின் கட்டணத்துக்கு 2,500 ரூபாய் என்று வரம்பு கட்டியது. அந்தத் திட்டத்தில்தான் 2018 மார்ச்சில் சேலம்–சென்னை விமானம் வந்தது. அதற்கு முன்பும் சேவைகள் தொடங்கி நின்றிருக்கின்றன. இதுவும் நின்றது. அப்போது சென்னை எங்களுக்கு மறுபடியும் ஓர் இரவு ரயில் தூரத்துக்குப் போய்விட்டது. மலையும் நகரவில்லை, சென்னையும் நகரவில்லை. 2023 அக்டோபரில்தான் சென்னைக்கும் பெங்களூருக்கும் கொச்சிக்கும் விமானங்கள் திரும்பின.

சேர்வராயன் கோயிலின் மே மாதத் திருவிழாவுக்கு இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து உச்சிக்கு வருகிறார்கள். எந்த வருஷமும் அவர்களுக்கு வழி இருக்கிறது. சமவெளியில் இருப்பவர்களுக்கும் அந்த உறுதி வேண்டும். சில இருக்கைகள் காலியாகப் போனாலும் சரி, கமலாபுரத்து விமானத்தை இனி நிறுத்தாதீர்கள்.