ஏறும் முன் இரண்டு நிமிடம்

அமீரகத்தின் அல் ஐன் சோலையில் ஏறத்தாழ 1,47,000 பேரீச்ச மரங்கள் நிற்கின்றன. அவற்றில் ஏற அமீரகத்தார் தலைமுறைகளாக நம்பியது 'ஹாபூல்' என்னும் கயிற்றை. பேரீச்ச நாரில் முறுக்கிய அந்தக் கயிறு, ஏறுபவரின் முதுகையும் மரத்தையும் ஒரே வளையத்தில் அணைத்துக்கொள்ளும். நம் பனையேறியின் தளைநாருக்கு அது தூரத்துச் சொந்தம்.

இன்று நைலான் பட்டைகளும் வந்துவிட்டன. நார்க்கயிறு நைந்தால் பிசிறு காட்டும். நைலானோ வளைகுடா வெயிலில் கிடந்தால் வெளிறி, கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும். வேலை முடிந்ததும் அதை நிழலில் வையுங்கள். தையல், கொக்கி, முடிச்சு மூன்றையும் காலைதோறும் விரலால் தடவிப் பாருங்கள்.

அரிவாளும் அப்படித்தான். மழுங்கியது மட்டையைக் கிழிக்கும். அந்தப் பச்சைக் காயத்தின் வாசம், மரத்தைத் தாக்கும் சிவப்புக் கூன்வண்டை அழைத்துவரும். சாணை பிடித்த அரிவாள் ஏறியவரின் கையையும் காக்கும், மரத்தையும் காக்கும்.

உச்சியில் நிற்பவரின் உயிர், அடியில் அவர் செலவிட்ட இரண்டு நிமிடத்தில் இருக்கிறது. ஊருக்கு அனுப்பும் பணத்தைவிட, பத்திரமாக இறங்கி வரும் கால்களைத்தான் வீடு எதிர்பார்த்திருக்கிறது.