பழுதைக் காணாமல் பழுது தீர்ந்தது என்னலாமா?

ஒரு வாகன மெக்கானிக்கின் மனச்சாட்சிக்கு நேரிடும் சங்கடத்தை இன்று ஆராய்வோம்.

அமெரிக்காவில் பண்ணைக்காரரும் கட்டட வேலைக்காரரும் ஓட்டும் பெரிய டீசல் பிக்கப் வண்டிகளில், 1994 முதல் 2003 வரையிலான மாடல்களில் வந்த ஃபோர்டு 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சின் பேர்பெற்றது. பழைய டீசல் எஞ்சின் ஒருமுறை கிளம்பிவிட்டால், ஓடுவதற்கு மின்சாரத்தை அவ்வளவாக நாடாது. இதுவோ அப்படியல்ல. இஞ்செக்டர்கள் எந்தக் கணத்தில் டீசலைப் பீய்ச்ச வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் கட்டளையிடுகிறது. அதற்கு நேரம் சொல்வது கேம் ஷாஃப்டைக் கவனிக்கும் ஒரு சிறு சென்சார். அது ஒரு கணம் வாய்மூடினால் எஞ்சின் தடுமாறும். மூடியே இருந்தால் நின்றுபோகும். ஓடும் வண்டியில் எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கனத்துவிடும். இந்தச் சென்சாருக்காகவே கம்பெனி 2007-இல் 1997 முதல் 2003 வரையிலான வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

ஆனால் இந்தத் தடுமாற்றம் அழைத்தபோது வருவதில்லை. சொந்தக்காரர் பட்டறைக்குக் கொண்டுவருவார். அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தாலும் வண்டி சாதுவாக ஓடும். மெக்கானிக் என்ன செய்வார்? சொன்னவரை நம்பாமல் அனுப்பிவிடலாம். அல்லது கெட்ட பேர் வாங்கிய சென்சார்மேல் பழிபோட்டு அதை மாற்றலாம். அதே தடுமாற்றம் வேறு இடங்களிலிருந்தும் வரக்கூடும். வால்வு மூடிக்கு அடியில், சூடான எண்ணெய்க்குள் இருக்கும் வயர் பிளக் தளர்ந்திருக்கலாம். இரும்பில் உராய்ந்து வயரின் மேலுறை தேய்ந்திருக்கலாம். எர்த் வயர் இறுகாதிருக்கலாம். வண்டி நிற்கையில் மீட்டர் வைத்தால் எல்லாம் சரி என்றே காட்டும். ஒரே இழையில் தொங்கும் வயரும் மீட்டருக்கு முழு வயர்தான். ஆகையால் கைதேர்ந்தவர்கள் எஞ்சினை ஓடவிட்டு, வயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கிறார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சென்சாரை மாற்றும்போது அதன் பிளக்கைக் கழற்றி மறுபடி செருகவேண்டும். அதிலேயே களிம்பு தேய்ந்து, தொடர்பு சீராகிவிடலாம். புகழ் புதுச் சென்சாருக்குப் போகும். மாற்றிய பின் தடுமாறவில்லை என்பது வேறு. மாற்றியதனால் தடுமாறவில்லை என்பது வேறு. பழைய சென்சாரையே திரும்பப் பூட்டி ஓட்டி, தடுமாற்றம் திரும்புகிறதா என்று பார்த்தால் உண்மை ஓரளவு துலங்கும். எத்தனை பேர் அதற்குப் பொறுமை காட்டுவர்?

உழைத்த நேரத்துக்குக் கூலி நியாயமே. ஊகம்தான் என்று முன்னரே சொல்லியிருந்தால் சென்சாரின் விலையும் நியாயமே. ஆனால் "பழுது தீர்ந்தது" என்ற சொல்லை விற்க அவருக்கு உரிமை இல்லை.

"அப்படிச் சொல்லாவிட்டால் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார்களே" என்பீர்கள். மெய்தான், நேர்மையுள்ளவருக்கு அந்த நஷ்டம் வரும். ஆனால் உறுதிமொழி கேட்டு நெருக்குகிற சொந்தக்காரரும் அந்தப் பொய்க்குப் பங்காளி அல்லவா? தடுமாறியபோது எஞ்சின் சூடாயிருந்ததா, மழையா, மேடுபள்ளமா, சுற்றுகளைக் காட்டும் முள் சடக்கென்று பூஜ்யத்துக்கு விழுந்ததா என்று கவனித்துச் சொல்வது அவர் கடமை. முள் விழுந்தால் சந்தேகம் சென்சார் பக்கம் வலுக்கும்.

"சென்சார் மாற்றப்பட்டது; தடுமாற்றம் எங்கள் கண்முன் வரவில்லை" என்று பில்லில் எழுதிக் கொடுக்கட்டும். அன்றிரவு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகலாமா என்பதை, அதை வாசித்த தகப்பன் தானே தீர்மானித்துக்கொள்வான்.