மூச்சிரைக்கும் வேளையில் குறி பார்த்தல்

நாள் முழுவதும் அலுவலகம், வீடு என்று ஓடியபின் மாலையில் ஜபத்திற்கு அமர்ந்தால் மனம் நிற்பதே இல்லை என்று இல்லற அன்பர்கள் குறைபட்டுக் கொள்வதுண்டு. பறவையின் கண்ணை மட்டுமே கண்ட அர்ஜுனனின் கதையை அவர்களுக்குச் சொல்வதால் பயன் சிறிதே. அர்ஜுனன் குருவின் அருகில் நிதானமாக நின்று குறி பார்த்தவன். இவர்களோ மூச்சிரைக்க வந்து அமர்பவர்கள். இவர்களுக்கு ஏற்ற உதாரணம் பனிநாடுகளின் விளையாட்டு ஒன்றில் இருக்கிறது.

பயத்லான் என்பது பனிச்சறுக்கு ஓட்டமும் துப்பாக்கி சுடுதலும் இணைந்த போட்டி. குறைந்தது மூன்றரை கிலோ எடையுள்ள துப்பாக்கியை முதுகில் சுமந்தபடி வீரர் பனிமேடுகளில் ஏறி இறங்கி விரைகிறார். இடையிடையே நின்று, 50 மீட்டர் தொலைவிலுள்ள ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் 45 மில்லிமீட்டர்; நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். இதயம் படபடக்கிறது, அதனுடன் துப்பாக்கி முனையும் அசைகிறது. அது முற்றிலும் அடங்கும்வரை காத்திருக்க நேரமில்லை. ஆகவே தேர்ந்த வீரர் சுடுமிடத்தை நெருங்கும்போதே வேகத்தைத் தணித்துக் கொள்கிறார். மூச்சு சற்றே நிற்கும் இடைவெளியில் விசையை அழுத்துகிறார். அவரது ஒருமுகப்பாடு படுக்கும் விரிப்பில் தொடங்குவதில்லை, அதற்கு முன்பே பாதையில் தொடங்கிவிடுகிறது. பூஜையறையின் வாசல்வரை அதே வேகத்தில் ஓடிவந்து, அமர்ந்த நொடியே மனம் அடங்கவில்லை என்று வருந்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நார்வே நாட்டின் ஒலே ஐனார் பியோர்ன்டாலன் இத்துறையின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவர். 1974-இல் பிறந்த இவர் 1998-இல் நாகானோ ஒலிம்பிக்கில் முதல் தங்கம் வென்றார். 2002-இல் சால்ட் லேக் சிட்டியில் ஆடவருக்கான நான்கு பயத்லான் போட்டிகளிலும் தங்கம். 2006-இல் டூரினில் ஒரு தங்கமும் கிட்டவில்லை. அதன்பின்னும் பயிற்சியைக் கைவிடவில்லை. (இவருக்கு மனப்பயிற்சி அளித்தவர் முன்பு தூசு உறிஞ்சும் கருவிகளை விற்று வந்தவராம்! ஞானம் எந்தக் கடையிலிருந்து வரும் என்று யார் அறிவார்?)

2014, சோச்சி நகரம். 40 வயதில் 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் இறங்கினார். ஒரு குண்டு குறி தவறியது. தவறிய ஒவ்வொரு குண்டுக்கும் 150 மீட்டர் வளையத்தைக் கூடுதலாகச் சுற்ற வேண்டும் என்பது அப்போட்டியின் விதி. சுற்றினார், மீண்டும் பாதையில் விரைந்தார். ஒரு குண்டும் தவறவிடாத ஆஸ்திரிய வீரர் லாண்டர்டிங்கரை 1.3 வினாடியில் முந்தித் தங்கம் வென்றார்.

தவறுக்கு விலை 150 மீட்டர். அதைக் கொடுத்ததும் கணக்கு தீர்ந்தது. நாமோ ஒருநாள் ஜபம் தவறியதற்காக ஒரு வாரம் வருந்துகிறோம். அந்த வருத்தத்திலேயே அவ்வார ஜபமும் போய்விடுகிறது. வளையத்தை ஒருமுறை சுற்றினால் போதும் என்றிருக்க, அதிலேயே குடியிருக்கிறோம்.

வெற்றியை விழையும் ஒருமுகப்பாடு யோகமாகிவிடுமா? ஆகாது. முண்டக உபநிஷதம் ஓங்காரத்தை வில்லாகவும் ஆன்மாவை அம்பாகவும் பிரம்மத்தை இலக்காகவும் கூறுகிறது. அங்கே எய்பவன் தனியே எஞ்சுவதில்லை. பயத்லானில் எஞ்சுகிறான், பதக்கமும் பெறுகிறான். ஆயினும் மனத்தைப் பழக்கும் முறையை எவரிடமிருந்தும் கற்கலாம்.

2018-இல் பியோங்சாங் ஒலிம்பிக்குக்கான நார்வே அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில், 44 வயதில் ஓய்வை அறிவித்தார். ஆர்வம் குறையவில்லை என்றும், இதயத் துடிப்பில் ஏற்பட்ட கோளாறே நிற்கச் சொன்னது என்றும் அப்போது தெரிவித்தார்.