ஒரே ரூல்!

'நான் ஆம்பளை பொம்பளை, சாதி மதம்னு யாரையும் பிரிச்சுப் பார்க்கறதில்லை சார். எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரே ரூல்தான்!'

இந்த வசனத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நீங்களே சொல்லியும் இருக்கலாம். சொல்கிறவர் பெரும்பாலும் நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆனால், அந்த 'ஒரே ரூல்' யாருடைய உடம்பை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் முழிப்பார்.

ஜவுளிக்கடைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்கு யாரும் வராவிட்டாலும் விற்பனையாளர் உட்காரக் கூடாது என்பது பல கடைகளில் எழுதப்படாத சட்டம். ஆணுக்கும் அதேதான், பெண்ணுக்கும் அதேதான். எவ்வளவு சமத்துவம்! பத்து மணி நேரம் நின்றால் எல்லோருக்கும்தான் கால் வீங்கும். ஆனால், மாதவிலக்கு நாட்களில் நிற்பதும், ஆறு மாத வயிற்றோடு நிற்பதும் வேறு கணக்கு. பக்கத்தில் கழிவறை இல்லையென்றால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொள்கிற பெண்கள் உண்டு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்கிற தையல்காரப் பெண்மணி கடைப் பெண்களைத் திரட்டிப் போராடத் தொடங்கியது இந்தக் கழிவறைக்காகத்தான். நாற்காலி கேட்டது பிறகு. 2018-ல் கேரளமும், 2021-ல் தமிழ்நாடும் வேலைக்கு நடுவே உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. ஒரு ஸ்டூல் போடுவதற்கு ரெண்டு மாநிலத்தின் சட்டசபை கூட வேண்டியிருந்தது, பாருங்கள்! பெண்கள் கேட்டு வாங்கிய அந்த ஸ்டூலில் இப்போது ஆண்களும் உட்காரலாம்.

முதலாளிகள் மோசம் என்று சொல்லி இத்தோடு முடித்துவிடலாம்தான். ஆனால், கெட்ட எண்ணம் துளியும் இல்லாத இடத்திலும் இதே கதை நடக்கிறதே?

ஸோல்பிடெம் என்று ஒரு தூக்க மாத்திரை. 1992-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆண், பெண் இருவருக்கும் ஒரே அளவு, 10 மில்லிகிராம். பெண்களின் உடம்பிலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறுகிறது, காலையில் கார் ஓட்டும்போதும் மயக்கம் மிச்சமிருக்கலாம் என்று சொல்லி, அந்நாட்டு அரசு பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைத்தது 2013-ல். இருபது வருஷம்!

இன்னொன்று, உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். கொரோனா சமயத்தில் அடித்துப் பிடித்து வாங்கினோமே, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். 94-க்குக் கீழே போனால் அடிவயிறு கலங்கியது ஞாபகமிருக்கிறதா? அது விரலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்த்து ஆக்ஸிஜனைக் கணக்கிடுகிறது. தோலின் கறுப்பு நிறமியும் ஒளியை உறிஞ்சும். கருவியைச் சரிபார்த்ததோ பெரும்பாலும் வெளுத்த தோலுள்ளவர்களின் விரல்களில். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவி '92 முதல் 96' என்று காட்டிய நேரத்தில் ரத்தத்தை எடுத்துச் சோதித்தால், உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையர்களிடம் 100-க்கு சுமார் 4 தடவை. கறுப்பினத்தவரிடம் சுமார் 12 தடவை. மூச்சுத் திணறுகிறவரிடம் 'உனக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போ' என்று அந்தக் கருவி சொல்கிறது. அதற்கு நிறவெறியெல்லாம் தெரியாது. எல்லோர் விரலையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறது. அதுதான் சிக்கலே!

'அப்படின்னா ஆளுக்கு ஆள் பிரிச்சு அளந்துட்டாப் போச்சு' என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் சிறுநீரகம் எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று கணக்கிடும் சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் வந்த விடையைப் பதினாறு, இருபத்தோரு சதவிகிதம் என்று கூட்டிப் போடுவார்கள். அவர்களுக்குத் தசை அதிகம் என்றொரு அனுமானம். விளைவு? கெட்டுக்கொண்டிருக்கும் சிறுநீரகம் காகிதத்தில் தேறிவிடும். மாற்று சிறுநீரகத்துக்கான வரிசையில் அவர் பெயர் தாமதமாக ஏறும். 2021-ல்தான் இன எண்ணைத் தூக்கிவிட்டு சூத்திரத்தை மாற்றி எழுதினார்கள். அதன் பிறகு ஆயிரக்கணக்கானவர்களுக்கு, இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பிச் சேர்த்தார்கள். அதற்குள் இறந்துபோனவர்களுக்கு எதைச் சேர்ப்பது?

ஆக, வித்தியாசத்தைப் பார்க்காமல் விட்டாலும் தப்பாகிறது. பார்த்தாலும் தப்பாகிறது. அப்புறம் எப்படித்தான் நியாயமாக இருப்பது? எனக்குத் தெரிந்த வரை கேட்க வேண்டிய கேள்வி வேறு: அளவுகோலைச் செய்த அறையில், அளக்கப்படப் போகிறவர் இருந்தாரா? நிற்கிறவரை யாராவது கேட்டார்களா?

கேட்ட ஒருவர் இருக்கிறார். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட, ஒருவரையொருவர் காதலிக்கும் இரண்டு பெண்கள். பெற்றோர் தரப்பில் 'காணவில்லை' என்று புகார். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்பு எழுதிவிடவில்லை. இந்த விஷயம் தனக்கு முழுதாகப் புரியவில்லை என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியல் நிபுணர் முன்னால் மாணவரைப் போலப் போய் உட்கார்ந்தார். அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களோடும் பேசினார். அதற்குப் பிறகு ஜூனில் வந்தது உத்தரவு. ஒருவரின் பாலின ஈர்ப்பை 'குணப்படுத்துகிறேன்' என்று மருத்துவர்கள் இறங்குவதற்குத் தடை. மறு வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிச் செய்வது தொழில்முறைக் குற்றம் என்றது. மாத்திரையும் ஷாக்கும் கொடுத்து மகளை 'மாற்றித் தரச்' சொல்லி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகும் குடும்பங்கள் இருக்கிற ஊரில், இது சின்ன விஷயமில்லை.

சட்டமும் நீதிமன்றமும் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2017-ல் கொச்சி மெட்ரோவில் 23 திருநங்கைகள், திருநம்பிகளை வேலைக்கு எடுத்தார்கள். நாடே கை தட்டியது. சில நாட்களிலேயே எட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். வேலை பிடிக்காமலோ, மெட்ரோக்காரர்கள் விரட்டியோ அல்ல. டூட்டி முடிந்து போய்ப் படுக்க அந்த ஊரில் யாரும் வாடகைக்கு ரூம் தரவில்லை. கிடைத்த இடத்திலும் ஒரு நாளைக்கே எக்கச்சக்கமாக வாடகை கேட்டார்கள்.

அந்த வீட்டுக்காரர்களில் பல பேர், 'நான் யாரையும் பிரிச்சுப் பார்க்கறதில்லை' என்று சொல்கிறவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். சரி, உங்கள் வீட்டு மாடி போர்ஷன் இப்போது காலியாகத்தானே இருக்கிறது?