விதைநெல்லும் சாவா மூவாப் பேராடும்

புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூர் வட்டத்தில், பழங்கல்வெட்டுகள் திருநலக்குன்றம் என்று குறிக்கும் குடுமியான்மலையில், சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டி எழும் குன்றின் பாறையில், விடைமீது அமர்ந்த சிவனும் உமையும் நடுவிலிருக்க, சைவம் போற்றும் அடியார்களான நாயன்மார் அறுபத்துமூவரும் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளனர். மண்பாண்டம் வனைந்த திருநீலகண்டர், துணி வெளுத்த திருக்குறிப்புத்தொண்டர், செக்காட்டிய கலியர், வலைவீசிய அதிபத்தர், தறி நெய்த நேசர், பசு மேய்த்த ஆனாயர் ஆகியோரும் அந்த அறுபத்துமூவருள் அடங்குவதால், ஒரு சிற்றூர் பிழைக்க வேண்டிய தொழில்களில் பெரும்பாலானவை அப்பாறையில் இடம்பெற்றுவிடுகின்றன. வயிற்றுப்பாட்டுக்கான உழைப்பு வீடுபேற்றுக்குத் தடையா, வழியா என்று கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் அரிது.

சைவ சித்தாந்தம் கூறும் நால்வகை நெறிகளுள் முதலாவதான சரியை என்பது கோயிலைக் கூட்டி மெழுகுதல், பூத்தொடுத்தல், விளக்கேற்றுதல், அடியாருக்குத் தொண்டு செய்தல் போன்ற உடலுழைப்பால் ஆகும் வழிபாடு. உழவும் வனைதலும் அந்தப் பட்டியலில் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணமே அவற்றை உள்ளே கொண்டுவருகிறது. ஆனால் எளிதாக அன்று. கலியர் எண்ணெய் விற்ற செல்வத்தால் திருவொற்றியூரில் விளக்கெரித்து, செல்வம் தீர்ந்தபின் கூலிக்குச் செக்காட்டி, கடைசியில் தம் கழுத்தையே அரியத் துணிகிறார். உழவரான இளையான்குடி மாறனாரோ, மழையிரவில் வந்த விருந்தினருக்கு உணவளிக்க, அன்று பகலில் விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரிக்கொண்டு வருகிறார். வற்றாத பேராறு இன்றி, மழையையும் ஏரி கண்மாய்களையும் நம்பி வாழும் புதுக்கோட்டைச் சீமையில் விதைநெல்லை உண்பதன் பொருள் எந்த உழவருக்கும் தெரியும். 2014இல் வேளாண்மைக் கல்லூரி தொடங்கப்பட்ட குடுமியான்மலையில் அதைத் தனியாக விளக்கவும் வேண்டியதில்லை. அடுத்த ஆண்டின் வாழ்வையே ஒருவேளைச் சோறாக்கும் இச்செயலைப் புராணம் அன்பின் உச்சம் என்கிறது. வியப்பதற்கு அது உரியதுதான். ஓர் ஊர் முழுவதும் அதைப் பின்பற்றினால் மறுபருவத்தில் விருந்தினருக்கும் சோறிராது.

கோயில்களின் அன்றாட வாழ்வு வேறொரு விடையைத் தேர்ந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளின்படி, அணையாது எரியவேண்டிய நந்தாவிளக்குக்கென ஆடுகள், பெரும்பாலும் 90 அல்லது 96, கொடையாக வழங்கப்பட்டன. அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்துவிட்டு, இறக்கும் ஆட்டுக்கு ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காத்தனர். இவ்வேற்பாட்டின் பெயர் சாவா மூவாப் பேராடு, அதாவது சாகாததும் மூப்படையாததுமான ஆடு. முதல் அப்படியே இருக்க, அதன் விளைவு மட்டுமே இறைவனுக்குச் செல்லும் இம்முறை, மாறனாரின் கொடைக்கு நேர் எதிரானது. அதில் கண்ணீர் இல்லை, காவியமும் இல்லை. எனினும் தொழிலை அழிக்காமலே அதை வழிபாடாக்கிய அறிவு, மெய்யியல் நோக்கில், புராணத்தின் வீரத்தைவிடத் தாழ்ந்ததன்று. மழை பொய்க்கும் நிலத்தில் அதுவே கூடுதல் அறமுடையது என்றும் வாதிடலாம், நெய்யளக்கும் கடமை இடையரின் வழிவழிச் சுமையாகவும் ஆனது என்பதை மறக்காத வரையில்.

அந்தச் சுமையை எண்ணும்போது, விளைவை ஏற்ற கோயில் விளைவித்தவரை எங்கே நிறுத்தியது என்று கேட்காமலிருக்க முடியாது. குன்றின் குடைவரைக் கோயிலருகே, கிரந்த எழுத்தில், ஏழு பண்களுக்குரிய சுரக்கோவைகளைப் பதித்த புகழ்பெற்ற இசைக்கல்வெட்டு உள்ளது. உருத்திராசாரியர் என்பவரின் மாணவரும் சிவபக்தருமான ஓர் அரசர் மாணவர் நலனுக்காக அதைச் செய்வித்தார். அத்தகைய இசைக்கு வேண்டிய யாழ் நரம்பையும், முழவுக்கு வேண்டிய தோலையும் வாரையும் கோயில்களுக்கு அளிப்பதே நந்தனார் எனப்படும் திருநாளைப்போவாரின் தொண்டு என்று பெரியபுராணம் கூறுகிறது. அவர் தந்த தோல் கருவறைக்கு அருகே ஒலிக்க, பிறந்த குலத்தால் விலக்கப்பட்ட அவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். சிதம்பரமாகிய தில்லைக்குள் புகுவதற்கு முன் தீயில் மூழ்கி எழவும் வேண்டியிருந்தது. செக்காட்டிய கலியருக்கோ வலைவீசிய அதிபத்தருக்கோ அந்த நிபந்தனை விதிக்கப்படவில்லை.