நிர்மால்யத்துக்கு எந்தப் பெட்டி?

வெள்ளிக்கிழமை அம்மனுக்குச் சாத்திய மாலையைச் செவ்வாய்க்கிழமை கழற்றுகிறவன் நான். கித்துல்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் விடியலில் றப்பர் பால்வெட்டு, அந்தியில் மாரியம்மன் கோயில் பூசை. கொழும்பில் வீட்டு வேலை செய்யும் என் தங்கை அங்குள்ள குப்பைப் பெட்டிகளைப் பற்றிச் சொன்னபோது, எனக்கு முதலில் தோன்றியது இந்த மாலைதான். பச்சை உக்குவதற்கு, நீலம் தாளுக்கு, செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, சிவப்பு கண்ணாடிக்கு. அப்படியானால் பூ பச்சைக்குப் போகும். கோத்த நைலான் நூலும் ஜிகினாக் குஞ்சமும் செம்மஞ்சளுக்கு. ஆனால் அம்மன் தோளில் கிடந்த நிர்மால்யத்தைக் குப்பை என்று சொல்ல எனக்கு வாய் வருமா?

பயன் முடிந்த பொருளுக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி. பூசாரிக்கு மாலை, மற்றவர்களுக்குச் சோப்புத் தாள், போத்தல், சொப்பிங் பேக்.

கொழும்புக்காரர்கள் விரும்பிக் குப்பை பிரிக்க வரவில்லை. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லையில் நகரத்தின் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது கண்டிப்பானது. அதுவரை குப்பையை வாசலில் வைத்தவர்கள் அது 'வெளியே' போய்விட்டது என்று நம்பினார்கள். அந்த வெளியே, வேறு யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லைப்புறம்.

எங்கள் கதை வேறு. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குச் சேவை செய்யச் சபைகளின் கையைக் கட்டியிருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. குப்பை வண்டி வராத தொழிலாளர் லயத்தில் குப்பை கானுக்குப் போகும், கான் ஆற்றுக்குப் போகும். மஸ்கெலி ஓயா சிவனொளிபாத மலைச் சரிவு நீரைக் கொண்டுவந்து கெஹெல்கமு ஓயாவோடு கூடிக் களனி கங்கையாகிறது. எங்களுக்குக் கீழே அதில் படகு விடுகிறார்கள். இன்னும் கீழே களனி விகாரையைத் தொட்டு ஓடுகிறது. அம்பத்தளையில் அதே தண்ணீரை எடுத்துச் சுத்திகரித்துத்தான் கொழும்பு குடிக்கிறது. பாதமலையில் கும்பிட்டு இறங்கி, கங்கையில் மாலையை விட்டுப் புண்ணியம் என்று வீட்டுக்குப் போகிறோம். பூ கரையும். நூல் கரைவதில்லை. 2023 ஒக்டோபரில் அரசு தடை செய்த பொருட்களில் இடியப்பத் தட்டோடு பிளாஸ்டிக் பூமாலையும் இருந்தது. பக்தியும் சமையலும் ஒரே பட்டியலில் வந்தன.

ஆற்றில் விடுவதுதான் சாஸ்திரம் என்பார்கள். சைவத்தில் மிச்சத்துக்கு இதைவிட நல்ல வழி உண்டு. சிவன் கோயிலில் கருவறைக்கு வடபுறம், அபிஷேக நீர் வெளியேறும் கோமுகிக்குப் பக்கத்தில், சண்டேசுவரர் இருப்பார். சாமிக்குச் சாத்திக் களைந்த மாலையும் படைத்த மிச்சமும் அவருக்கே உரியவை. அவர் முன்னால் கையைத் தட்டி, கோயில் பொருள் எதையும் எடுத்துப் போகவில்லை என்று காட்டிவிட்டு வெளியேறுவோம். அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவர் அவர். கங்கைகொண்ட சோழபுரத்தில் சிவன் தன் கையாலேயே அவர் தலையில் மாலை சுற்றும் சிற்பம் இருக்கிறது. கழித்த பொருளுக்கு ஓர் இடமும் கணக்கும் உரியவரும் வேண்டும், அந்த உரியவர் தாழ்ந்தவர் அல்லர் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்களிடமும் இந்த அறிவு உண்டு. புத்தரின் சீடர் ஆனந்த தேரருக்கு ஐந்நூறு சீவர ஆடைகள் கிடைத்தபோது, இத்தனை எதற்கு என்று உதேன மன்னன் கேட்டான். சீவரம் கிழிந்தால் விரிப்பு, விரிப்பு கிழிந்தால் கால்மிதி, பிறகு தூசி தட்டும் துணி, கடைசியில் நறுக்கிக் களிமண்ணோடு பிசைந்து தரைக்குப் பூச்சு என்று பதில் வந்ததாக வினய பிடகம் சொல்கிறது.

இவ்வளவும் தெரிந்த நாம் நடைமுறையில் செய்தது என்ன? கடவுளின் மிச்சத்தை நாயனாருக்குக் கொடுத்தோம். நம் மிச்சத்தை அள்ளியவரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். தோட்டத்தில் லயத்துக் கானையும் கக்கூசையும் கழுவியவர்களின் பிள்ளைகள் என் அப்பா காலத்தில் மணியைத் தொட்டதில்லை.

பெட்டி வந்ததால் இது மாறும் என்று நம்பினேன். தங்கையிடம் அவள் வேலை செய்யும் வீட்டைப் பற்றிக் கேட்டேன். "அண்ணே, அவங்களுக்கு எந்த நிறம் எதுக்குன்னே தெரியாது. எல்லாத்தையும் ஒரே பையில போட்டு வச்சிருவாங்க. நான்தான் கொட்டி, கழுவி, பிரிச்சு வைக்கிறேன்" என்றாள். அந்த வீட்டில் அவள் சாமி அறைக்குள் போகக் கூடாது. மீன் செதிலைப் பச்சையிலும் தயிர்க் கோப்பையைச் செம்மஞ்சளிலும் போடலாம்.

அதனால் எனக்குப் பெட்டியின் நிறத்தைவிடக் கைதான் முக்கியமாகப் படுகிறது. தான் தின்றதன் மிச்சத்தைத் தானே தொட்டுப் பிரிப்பது சின்ன வேலை, ஆனால் அது சுத்தம் பற்றிய நம் பழைய கணக்கைத் திருத்துகிறது. இன்னொருவர் கையை அழுக்காக்கி நான் அடைந்த சுத்தம் என்னுடையதல்ல, கடன் வாங்கியது. பிரிப்பதும் நமக்குப் புதிதில்லை. பால்வெட்டில் சிரட்டையில் உறைந்த ஒட்டுப்பாலைத் தனியாகச் சேர்த்து நிறுத்துக் கொடுக்கிறோமே! அதற்குக் காசு கிடைக்கிறது, அதனால் கூச்சம் வருவதில்லை.

கோயில் கூட்டத்தில் இதைச் சொன்னேன். இனி மாலையை ஆற்றில் விடுவதில்லை. பூவை வாழை அடியில் குழி வெட்டிப் புதைப்பது, நூலையும் ஜிகினாவையும் கழற்றித் தனிச் சாக்கில் சேர்ப்பது, வேலை முறைவைத்து எல்லா வீட்டுக்கும். "பூசை செய்யிற கை குப்பைய தொடலாமா பூசாரி?" என்று ஒரு பெரியவர் கேட்டார். மாலையைச் சாத்தியதும் இந்தக் கைதானே ஐயா என்றேன். அவர் அதை ஏற்கவில்லை, ஆனால் முறையை எதிர்க்கவும் இல்லை. ஆடித் திருவிழாவுக்கான பட்டியலை எழுதி ஒட்டியாயிற்று. முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது தலைவருடையது. தலைவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.